தரங்கம்பாடி வழியாக டென்மார்க்

"டென்மார்க்கில் ரெண்டு வருஷம் இருந்தியே, அங்கே பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடு" என்று மலர்க் குழுவில் இருக்கும் சீனியர் ஒருவர் போனில் உத்தரவு போட்டார். சீனியர் சொன்னால் தட்ட முடியுமா? ஆனால் டென்மார்க்கை கோபன்ஹேகனிலிருந்து ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. நமக்கும் அந்த நாட்டுக்கும் நானூறு வருஷத்துப் பழக்கம் இருக்கிறது. அதை இங்கிருந்து பார்த்துக்கொண்டு போனால்தான் அங்கே பார்ப்பது புரியும். ஆகவே முதல் இடத்துக்கு விசா வேண்டாம். 29சி பஸ் போதும்.

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில், மணலில் வெள்ளையாக ஒரு வளைவு மண்டபம் நிற்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். கல்லூரி நாட்களில் அதன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடாதவர்கள் நம்மில் எத்தனை பேர்? அது யாருடைய நினைவுச் சின்னம் என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் "கார்ல் ஷ்மிட்" என்பார்கள். அவர் டென்மார்க்காரர். 1930ஆம் வருஷம் டிசம்பர் 30ஆம் தேதி, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிப் போனார். அவர் பெயர் கார்ல் இல்லை. 'காய்' என்பது டேனிஷ் மொழியில் சர்வ சாதாரணமான ஆண்பெயர். ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றே எழுத்து. கல்வெட்டு பொறித்தவர் அந்த மூன்றெழுத்தையும் இனிஷியல் என்று நினைத்து நடுவில் புள்ளி வைத்துவிட்டார். பின்னால் வந்த நாம் அவரைக் கார்ல் ஆக்கிவிட்டோம். ஊர் பெயர் தெரியாத யாருக்காகவோ உயிரைக் கொடுத்த மனிதருக்கு, பெயரையாவது சரியாகச் சொல்லலாம்.

அடுத்த இடம் தரங்கம்பாடி. 1306ஆம் ஆண்டு மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு அங்கே மாசிலாமணிநாதர் கோயிலில் இருக்கிறது. அதில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. தரங்கம் என்றால் அலை. அலை பாடும் ஊர் என்று நாம் பிற்பாடு அழகாகப் பொருள் சொல்லிக்கொண்டோம். டேனிஷ்காரர்கள் வாயில் அது 'டிராங்கெபார்' ஆயிற்று.

அவர்கள் இங்கே வந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. உண்மையில் அவர்கள் புறப்பட்டது இலங்கைக்கு. போர்த்துகீசியரை விரட்டக் கண்டி அரசருக்கு உதவி தேவைப்படுகிறது, பதிலுக்கு வாணிபம் கிடைக்கும் என்று ஒரு டச்சுக்காரர் போய் ஆசை காட்டினார். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1618 நவம்பரில் கப்பல்களை அனுப்பினார். தலைமை ஏற்றவர் ஓவே கெட்டெ. அப்போது அவருக்கு 24 வயதுகூட நிரம்பவில்லை. (இறுதியாண்டு புராஜெக்டுக்கே நெஞ்சு படபடக்கும் தம்பிகளும் தங்கைகளும் இதைக் கவனிக்கவும்!) வழியெல்லாம் நோயும் சாவுமாக ஏறத்தாழ ஒன்றரை வருஷம் பயணம். ஆசை காட்டிய டச்சுக்காரர் வழியிலேயே இறந்துவிட்டார். இலங்கை போய்ச் சேர்ந்தால், அவர் சொன்னதில் பாதிக்கு மேல் நடக்காத காரியம் என்று தெரிந்தது. கண்டி அரசர் பிடி கொடுக்கவில்லை.

இதற்கிடையே, முன்னோட்டமாகப் போன 'ஓரெசுண்ட்' என்ற கப்பலைக் காரைக்கால் பக்கம் போர்த்துகீசியர்கள் தாக்கி அழித்துவிட்டார்கள். அதிலிருந்து தப்பிக் கரையேறியவர்களில் ஒருவர் ரோலண்ட் கிராப்பே. அவர் தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஆண்டுகொண்டிருந்தவர் ரகுநாத நாயக்கர். கவிஞர், இசையறிஞர், கூடவே கணக்குத் தெரிந்த அரசர். போர்த்துகீசியரிடம் மட்டுமே வியாபாரம் என்ற நிலைமையை உடைக்க இன்னொரு வெள்ளைக்காரன் இருந்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ள இடம் கிடைத்தது. ஆக, கப்பலோட்டி வந்த தளபதி தேடிப் போனது கிடைக்கவில்லை. கப்பல் உடைந்து கரையேறியவர் தேடாத இடத்தில் கிடைத்தது.

அந்தக் கோட்டைக்கு 'டேன்ஸ்போர்க்' என்று பெயர் வைத்தார்கள். 'போர்க்' என்றால் கோட்டை. டேனியர் கோட்டை, அவ்வளவுதான். கடலைப் பார்த்து, மஞ்சள் பூச்சில், தாழ்வாக நிற்கும் அந்தக் கட்டிடத்தைப் பார்த்தால் நம் ஊர்க் கோட்டை மாதிரியும் இருக்காது, செயின்ட் ஜார்ஜ் கோட்டை மாதிரியும் இருக்காது. உள்ளே தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. ஊருக்குள் நுழையும்போது 1792ல் கட்டிய நகர வாயில். அதைத் தாண்டினால் ராஜா வீதி. அதில் 1701ஆம் ஆண்டின் சீயோன் ஆலயம், 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயம். பத்து நிமிஷம் நடந்தால் ஊர் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் இரண்டு பேரின் கதையைத் தெரிந்துகொண்டு நடக்க வேண்டும்.

முதல் ஆள் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. நம் பாடப்புத்தகங்களில் இவர் பெயர் கிடையாது. டென்மார்க் ஐரோப்பாவில் போர்களில் மாட்டிக்கொண்டு பணமின்றித் தவித்த காலம் அது. கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தரங்கம்பாடிக்கு ஊரிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. சம்பளம் இல்லை, கடிதம் இல்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், ஓடினார்கள். 1655ல் பொறுப்பு இந்த எஸ்கில் கைக்கு வந்தது. பிரபு குலம் கிடையாது, பெரிய படிப்பு கிடையாது. சாதாரண ஆள். கடைசியில் டேனியர் என்று சொல்ல அவர் ஒருவர்தான் மிச்சம் என்ற நிலைமை. உள்ளூர்ப் பெண்ணை மணந்துகொண்டு, உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு, வங்காளக் கப்பல்களைப் பிடித்து (கொள்ளை என்றே சொல்லலாம்) அந்த வருமானத்தில் கோட்டையைக் காத்தார். தஞ்சை நாயக்கர் படை வந்தபோது தாக்குப் பிடித்தார், ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். 1669ல் 'ஃபேரோ' என்ற கப்பல் கோபன்ஹேகனிலிருந்து வந்து சேர்ந்தது. கோட்டையில் டேனிஷ் கொடி பறந்துகொண்டுதான் இருந்தது!

கொடிக்காகவா அப்படி இருந்தார், அல்லது போக வழியில்லாமல் இருந்தாரா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. இரண்டும் இருக்கலாம். சைட்டில் தனியாக மாட்டிக்கொண்டு, ஹெட் ஆபீசுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டுப் பதிலே வராத அனுபவம் உள்ள எஞ்சினியர்களுக்கு எஸ்கில் மீது ஒரு தனிப் பாசம் வரும்.

இரண்டாவது ஆள் எல்லோருக்கும் தெரிந்தவர், பார்த்தலோமேயு சீகன்பால்கு. ஜெர்மானியர். டேனிஷ் மன்னர் அனுப்பி 1706 ஜூலை 9ஆம் தேதி வந்திறங்கினார். அனுப்பியது மன்னர் என்றாலும், கோட்டையில் இருந்த தளபதிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. நாலு மாசம் சிறையில் போட்டுவிட்டார். அவர் தமிழ் படித்தார், ஓலைச்சுவடிகளைச் சேகரித்தார். தமிழில் அச்சு என்பது அவருக்கு முன்னாலேயே உண்டு. 1578ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. ஆனால் அந்த முயற்சி தொடரவில்லை. சீகன்பால்கு காலத்தில்தான் அச்சு இங்கே வேர் பிடித்தது. இங்கிலாந்திலிருந்து அச்சு யந்திரம், ஜெர்மனியில் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள். வந்த எழுத்துகள் பெரிசு பெரிசாக இருந்தன. அப்படியே அச்சடித்தால் காகிதம் போதாது. என்ன செய்தார்கள்? பக்கத்துப் பொறையாரில் சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். ஈயத்துக்கு, பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் உறையை உருக்கினார்கள் என்று சொல்வதுண்டு. காகிதத்துக்கும் ஆலை வைத்தார்கள். 1715ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வந்தது. சமயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு உற்பத்திப் பொறியியலாக மட்டும் பார்த்தாலும் இது பெரிய சாதனை. 1719ல் 36 வயதில் அவர் இறந்தார். தாமே கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் அடக்கம் ஆகியிருக்கிறார்.

1845ல் தரங்கம்பாடியையும், வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டு டேனியர்கள் கிளம்பிவிட்டார்கள். வீட்டைக் காலி செய்யும்போது கணக்குப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போவது போல, ஆவணங்களைக் கொண்டுபோனார்கள். அதனால்தான் இந்தக் கதையின் மறுபாதி கோபன்ஹேகனில் இருக்கிறது.

இனி விமானம் ஏறலாம். குளிருக்கு ஸ்வெட்டர் வாங்க தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போகாதீர்கள். நான் வாங்கிக்கொண்டு போனது அங்கே நவம்பர் காற்றில் மல் துணியாகத் தெரிந்தது.

கோபன்ஹேகனில் எல்லோரும் முதலில் போய் நிற்கும் இடம் கடற்கன்னிச் சிலை. 1913ல் வைத்தது. உயரம் 1.25 மீட்டர். பஸ் பஸ்ஸாக வந்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த நேரத்தில் நான்காம் கிறிஸ்டியனின் கட்டிடங்களைப் பாருங்கள். நமக்குக் கப்பல் அனுப்பிய அதே மன்னர்தான். மனிதருக்குக் கட்டிடப் பித்து. ரோசன்போர்க் அரண்மனை அவர் கட்டியது. 1642ல் முடிந்த வட்டக் கோபுரம் அவருடையது. அதில் மேலே ஏற நீங்கள் எதிர்பார்க்கும் படிக்கட்டு கிடையாது. உள்ளேயே ஏழரைச் சுற்றுச் சாய்தளம். உச்சியில் வானாய்வுக்கூடம், நடுவில் பல்கலைக்கழக நூலகம். கனமான கருவிகளையும் புத்தகங்களையும் உருட்டிக்கொண்டு ஏற்ற வசதியாக இந்த ஏற்பாடு. 1716ல் ரஷ்யாவின் மாமன்னர் பீட்டர் குதிரை மேலேயே உச்சி வரை போனாராம். அவருடைய இன்னொரு கட்டிடம் வணிகர் சந்தையான 'பூர்சன்'. 1619ல் வேலை ஆரம்பம். அதாவது ஓவே கெட்டெ நடுக்கடலில் இருந்தபோது. நான்கு நாகங்களின் வாலை முறுக்கியது போன்ற அதன் கோபுரம் 2024 ஏப்ரல் 16ஆம் தேதி தீவிபத்தில் சரிந்தது. தெருவில் போனவர்களெல்லாம் உள்ளே ஓடிப் பழைய ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். செய்தியில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அங்கே தேசிய ஆவணக் காப்பகத்தில் ரகுநாத நாயக்கர் டேனிஷ் மன்னருக்கு அனுப்பிய கடிதம் இருக்கிறது. பனை ஓலை வடிவில் தங்கத் தகடு. அதில் தமிழ் எழுத்து. கீழே நாயக்கரின் கையெழுத்து தெலுங்கில். நான் பார்த்தது படத்தில்தான். தஞ்சாவூரில் பொறித்த தமிழ் 400 வருஷமாக அந்த ஊரில் பத்திரமாக இருக்கிறது என்பதில் சந்தோஷமா வருத்தமா என்று கேட்டால், எனக்கு இரண்டும்தான். தங்கம் இங்கேயே இருந்திருந்தால் எப்போதோ யாரோ உருக்கியிருப்பார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். வாதாட முடியவில்லை.

கோபன்ஹேகனிலிருந்து வடக்கே ஹெல்சிங்கோர். அங்கே குரோன்போர்க் கோட்டை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நடக்கும் இடம் என்று நாடகமும் டிக்கெட்டுமாக அமர்க்களப்படுத்துகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. எதிரே சுவீடன் தெரிகிற அந்தக் குறுகிய நீரிணைதான் ஓரெசுண்ட், காரைக்காலில் அழிந்த கப்பலின் பெயர்! 1429 முதல் 1857 வரை அதைக் கடக்கும் கப்பல்கள் சுங்கம் கட்ட வேண்டும். சரக்கின் மதிப்பைக் கப்பல் தலைவரே சொல்லலாம். ஆனால் அவர் சொன்ன விலைக்கே அந்தச் சரக்கை வாங்கிக்கொள்ளும் உரிமை மன்னருக்கு உண்டு. குறைத்துச் சொன்னால் சரக்கு போச்சு. பத்திரப் பதிவில் இந்த முறையைக் கொண்டுவந்தால் மயிலாப்பூரில் மனை விலை என்ன ஆகும் என்று கற்பனை செய்து பாருங்கள்.

ஜட்லாந்து தீபகற்பத்தில் ஜெல்லிங் என்ற சிற்றூரில் இரண்டு ரூனிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பெரியதை நிறுத்தியவர் மன்னர் ஹரால்ட், பட்டப்பெயர் 'நீலப்பல்'. ஆமாம், நம் செல்போன் புளூடூத்துக்குப் பெயர் கொடுத்தவர் இவர்தான். அந்தச் சின்னம்கூட அவர் பெயரின் முதலெழுத்துகளான இரண்டு ரூனிக் எழுத்துகளின் சேர்க்கை. கல்லின் காலம் ஏறத்தாழ 965. நம் தஞ்சைப் பெரிய கோயில் 1010. அவர்கள் ஒரு கல்லுக்குக் கண்ணாடிக் கூண்டு போட்டு, சூடும் ஈரமும் அளந்து பாதுகாக்கிறார்கள். நமக்குச் சுவரெல்லாம் கல்வெட்டு. அதனாலோ என்னவோ மேலே சுண்ணாம்பு அடிக்கிறோம்.

இயற்கைக் காட்சி என்றால் மலையை எதிர்பார்க்காதீர்கள். 'வான மலை' என்று பெயர் வைத்திருக்கும் குன்றின் உயரம் 147 மீட்டர். பரங்கிமலை ஏறியவர்கள் மூச்சு வாங்காமல் ஏறலாம். ஆனால் கடற்கரை! மோன் தீவில் ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைச் சுவர், உச்சியில் 128 மீட்டர். 2025ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வடக்குக் கோடியில் ஸ்காகனில் இரண்டு கடல்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில் காலை வைத்து நிற்கலாம். நமக்குக் கன்னியாகுமரி ஞாபகம் வரும். அங்கேயே மணலில் புதைந்த ஒரு தேவாலயம். ஞாயிற்றுக்கிழமைதோறும் மணலைத் தோண்டிக் கதவைத் திறந்தவர்கள், 1795ல் கைவிட்டார்கள். கோபுரம் மட்டும் வெளியே நிற்கிறது.

நான் சொல்ல வந்த முக்கியமான இடம் அதே கரையில் தெற்கே, ரூப்யெர்க் குனூட் கலங்கரை விளக்கம். 1900ல் விளக்கேற்றியபோது கடல் 200 மீட்டர் தள்ளி இருந்தது. மணலும் கடலும் நெருக்கியதால் 1968ல் விளக்கை அணைத்துவிட்டார்கள். 2019ல் பாறை விளிம்புக்கும் அதற்கும் ஆறு மீட்டர்தான் மிச்சம். அந்த வருஷம் அக்டோபர் 22ஆம் தேதி, 23 மீட்டர் உயரமும் 720 டன் எடையும் உள்ள அந்தக் கோபுரத்தை அப்படியே தண்டவாளத்தில் ஏற்றி 70 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். யோசனை கொடுத்தவர் உள்ளூர்க் கொத்தனார் ஒருவர். செலவு 50 லட்சம் குரோனர். அணைந்துபோன விளக்குக்கு! அதுவும் இன்னும் சுமார் நாற்பது வருஷத்துக்குத்தான் தாங்கும், அப்புறம் மறுபடி கடல் வரும் என்று தெரிந்தே செய்தார்கள்.

நான் போனபோது அந்த நகர்த்திய சுவடுகூட இல்லை. கடல் தின்றுவிட்டது. அங்கே நின்றபோது எனக்குக் கண்ணில் வந்தது தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயில். எஸ்கில் பார்த்த கோயில், சீகன்பால்கு பார்த்த கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. 2004 சுனாமி வேறு. முன்னால் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். பின்னால் புதிதாகக் கோயில் எழும்பிவிட்டது, வழிபாடு நடக்கிறது, நல்ல காரியம். ஆனால் 1306ஐச் சொல்லும் கல் பழைய கோயிலில்தானே இருக்கிறது? கருங்கல் கட்டுமானத்தைக் கல் கல்லாக எண் போட்டுப் பிரித்து வேறிடத்தில் அடுக்குவது, 720 டன் செங்கலை ஒரே துண்டாக நகர்த்துவதை விடச் சுலபம். நாகார்ஜுனசாகர் அணை கட்டியபோது நம் நாட்டிலேயே பழைய சின்னங்களை இடம் மாற்றியிருக்கிறார்கள். நம் சங்கத்தில் சிவில் படித்தவர்கள் எத்தனை பேர், கடல்சார் பொறியியல் படித்தவர்கள் எத்தனை பேர்! இந்த மலரைப் படிக்கிற யாராவது ஒருவர் அந்தக் கரையை அளந்து பார்த்து, என்ன செலவாகும், எத்தனை வருஷம் தாங்கும் என்று ஒரு கணக்காவது போட்டு வைக்கக் கூடாதா? மாணவர்களுக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் கிடைக்குமா?

ஜட்லாந்துக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. எண்பதுகளில் இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன தமிழர்கள் அங்கே நிறையப் பேர். பிராண்டேயில் அபிராமி அம்மன் கோயில், ஹெர்னிங்கில் சித்தி விநாயகர் கோயில். பதினேழாம் நூற்றாண்டில் டேனியருக்கு இலங்கையில் இடம் கிடைக்கவில்லை. இலங்கைத் தமிழருக்கு டென்மார்க்கில் கிடைத்திருக்கிறது. எனக்கு அங்கே கிடைத்த முதல் நல்ல சாம்பார், கோயில் அன்னதானத்தில்தான்.

தரங்கம்பாடி போகும் வழி: எழும்பூரிலிருந்து மயிலாடுதுறை வரை ரயில். அங்கிருந்து தரங்கம்பாடிக்கு 1926ல் போட்ட ரயில் பாதையை 1986ல் மூடிவிட்டார்கள். ஆகவே ஒரு மணி நேரம் பஸ். காரில் போகிறவர்களுக்குப் பாண்டிச்சேரி, சிதம்பரம், சீர்காழி வழி. பூம்புகாரையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். விடிகாலையில் போய் முதலில் கோயிலைப் பாருங்கள், வெயில் ஏறியதும் கோட்டைக்குள் போகலாம், அங்கே சுவர் தடிமன், குளுகுளுவென்று இருக்கும். அருங்காட்சியகத்துக்கு விடுமுறை நாள் உண்டு, விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.